எட்டு மூளைக் கணினியும் றிஸ்னாவின் கசற்றும்

சுருமாக் குச்சியின் நுனியில் நகப்பூச்சைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, தீப்பெட்டியளவு கணினிச் சில்லொன்றின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அடிப்பக்கம் முழுக்கப் பொன்னிறப் புள்ளிகள், எழுநூறுக்கும் மேலே. அவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் மூட வேண்டும். பக்கத்துப் புள்ளியில் பூச்சு வழிந்துவிட்டால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்காவது தடவையாகத் தொடங்கியிருந்தேன்.

லுஹர் தொழுது முடிந்த மதிய நேரம். வெளிச்சம் போதாமல் மேசையை வாசலடிக்கு இழுத்துப் போட்டிருந்தேன். நகப்பூச்சு நல்ல சிவப்பு. என் வாழ்நாளில் நான் வாங்கிய முதல் போத்தல். கடையில் நின்ற பெண் என் அபாயாவையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

என் கணவர் நவ்பல் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் பூசினா இதுக்கு உழு கூடுமா?" என்றார். நகப்பூச்சோடு தொழுகைக்குக் கை கால் கழுவினால் அந்த உழு செல்லாது என்பார்கள்.

"பகிடி விடாம அந்த யன்னலத் திறங்க."

வாசலில் இன்னொருவரும் நின்றிருந்தார். கல்முனை பஸாரில் கணினிக் கடை வைத்திருந்தவர். ஊர் அவரை 'இஞ்சினியர்' என்று அழைத்தது. எந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தைக் கொடுத்தது என்று ஊரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் கேட்டிருந்த ஒரு வயரைக் கொடுக்க வந்தவர், நடக்கும் வேலையைக் கண்டதும் போக மனமில்லாமல் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, புரொசசருக்குப் பொட்டு வெச்சா வேகமா ஓடுமெண்டு ஆரு சொன்ன? மருதோண்டியும் வைங்கவன், இன்னும் நல்லா ஓடும்."

குச்சி நழுவியது. ஐந்தாவது தடவை தொடங்கினேன்.

வெட்டி எறிபவள்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை வீடியோ எடுப்பவள் நான். எங்கள் ஊர்களில் மணப்பெண்ணையும் பெண் கூட்டத்தையும் ஆண்கள் எடுக்க முடியாது. எடுத்ததை வெட்டி ஒட்டும் வேலையையும் ஆண்களிடம் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் தயவில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எனக்குப் போட்டி இருக்கவில்லை. 'கமராக்காரி' என்பார்கள். அதில் மரியாதை கொஞ்சம், நக்கல் மிச்சம்.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று மணி நேரம் எடுத்து, அதில் ஒரு மணி நேரத்தை வெட்டி எறிந்து, மேலே பாட்டொன்றைப் போட்டுக் கொடுப்பேன். பிரதி வீட்டாருக்கு. மூலக் கசற்றுகள் என்னிடம்.

சுனாமியாகக் கடல் வந்த நாளில் அந்தப் பிரதிகள் வீடுகளோடு போயின. என் வீட்டின் முன்னறையும் போனது. பின்சுவர் மட்டும் என்ன காரணத்தாலோ விழவில்லை. அந்தச் சுவரின் கொங்கிறீற் தட்டில் மூலக் கசற்றுகள் கிடந்தன, உப்புத் தண்ணியையும் சேற்றையும் குடித்தபடி. ஒவ்வொன்றாகக் கழுவி, நிழலில் காயவைத்து, பிஸ்கற் தகரங்களில் அடைத்து வைத்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

சில மாதங்களில் பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

"படமெண்டு ஒண்டும் மிஞ்சல்ல கா. முகம் தெரியிற ஒரு துண்டாவது உங்களிட்ட இரிக்கா?"

இருந்தது. ஆனால் போட்டுப் பார்த்தால் மழைத்தூறல் மாதிரி வெள்ளைக் கோடுகளும் நடுங்கும் நிழல்களும்தான். படத்தைக் கணினிக்குள் ஏற்றி, ஒரு மென்பொருளால் ஒவ்வொரு சட்டகமாகக் கழுவி எடுக்க வேண்டும். ஒரு வினாடிக்கு இருபத்தைந்து சட்டகம். என் பழைய கணினிக்கு ஒரு கசற்றைக் கழுவ நான்கு நாள் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் மின்சாரம் போனால் மறுபடியும் முதலாம் நாள். அந்த நாட்களில் எங்கள் ஊரில் மின்சாரம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வந்தவர்களில் ஒருவர் மருதமுனை ஹாஜறா ராத்தா. தறியில் சாறன் நெய்பவர். அவருடைய ஒரே மகள் றிஸ்னா, கல்யாணம் முடிந்த சில மாதங்களில் கடலோடு போனாள். மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. ஹாஜறா ராத்தா மற்றப் பெண்களைப் போல அழுது கேட்கவில்லை. சில வாரங்களுக்கு ஒரு தடவை வருவார், வெறுந்தேத்தண்ணி குடிப்பார், எழும்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னும் அவள்ட முறை வரல்லியா?"

முறை எப்போதோ வந்துவிட்டிருந்தது. றிஸ்னாவின் கசற்றைத் திறந்து பார்த்தபோது நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். இயந்திரத்தில் போட்டால் ஒரு தடவைதான் ஓடும், அதற்குப் பிறகு நாடா தாங்காது என்று பார்த்ததுமே தெரிந்தது. பயத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். தள்ளித் தள்ளி வருடங்கள் போயின.

நினைவுகளை மீட்க வந்தவர்கள்

இதே வேலையைச் செய்யத்தான் ஒரு நிறுவனமும் வந்திருந்தது. பெயர் வேண்டாம், அவர்களுக்கு வெட்கம் வராது, எனக்குத்தான் வம்பு. கரையோர மக்களின் நினைவுகளை மீட்பது அவர்களின் திட்டம். பதாகை வந்தது. கொழும்பிலிருந்து ஆலோசகர் வந்தார். குளிரூட்டிய அறையொன்று வந்தது. அந்த அறைக்குள் சவப்பெட்டி நீளத்தில் சர்வர் ஒன்று வந்தது. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். நாடா வெட்டினார்கள், விசையை அமர்த்தினார்கள், பச்சை விளக்கு எரிந்தது, எல்லாரும் கை தட்டினார்கள், கேக் சாப்பிட்டோம்.

அந்தப் பச்சை விளக்கு அதற்குப் பிறகு எரிந்ததை நான் காணவில்லை.

ஒரு நாள் என் தகரங்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆலோசகர் நல்ல மனிதர், கதிரை தந்தார். தமிழை ஒவ்வொரு எழுத்தாகக் கழுவி உலர்த்திப் பேசினார்.

"சகோதரி, முதலில் சமூகத்தின் தேவைகளை மதிப்பீடு செய்ய வேண்டும்."

"மதிப்பீடு என்னத்துக்கு சேர்? தேவை இந்தா தகரத்துக்குள்ள இரிக்கி."

"அது தனிநபர் நினைவு. நாங்கள் கூட்டு நினைவில் கவனம் செலுத்துகிறோம்."

கூட்டு நினைவு என்றால் என்னவென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொருத்தியும் தன் தன் பிள்ளையைத்தான் நினைத்தாள்.

யுத்தம் முடிந்தது. நிறுவனங்களின் முகமெல்லாம் வடக்கே திரும்பியது. புதிய அழிவு, புதிய பதாகை. எங்கள் ஊர் அலுவலகம் பூட்டப்போகிறது என்று கேள்விப்பட்டு மறுபடியும் போனேன். சும்மா கிடக்கும் சர்வரை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். சொத்துப் பதிவேட்டில் உள்ளதைத் தனியாருக்குக் கொடுக்க விதியில்லையாம். ஒரு மாதம் கழித்து அதே சாமானைக் கொழும்புப் பழைய இரும்புக்காரன் ஒருவனுக்கு எடைக்கு நிறுத்துக் கொடுத்தார்கள். அதற்கு விதி இருந்தது.

நவ்பல் சம்மாந்துறையிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றும் லொறி ஓட்டினார். வெறும் லொறியோடு திரும்பும் வழியில் அந்த இரும்புக்காரனின் வளவுக்குள் ஒரு நாள் நுழைந்தார். அலுவலகங்கள் கழித்துவிட்ட சர்வர்கள் அங்கே விறகு மாதிரி அடுக்கிக் கிடந்தனவாம். அவற்றை யாரும் தொடுவதில்லை. சாதாரணக் கணினிப் பெட்டிக்குள் அடங்காது, சாதாரண மெமரி பொருந்தாது, மின்சாரத்தைக் குடிக்கும், காது கிழியச் சத்தம் போடும். நவ்பல் தேடித் தேடி ஒன்றைத் தூக்கி வந்தார். அதன் பக்கவாட்டில் எங்கள் ஊர் நிறுவனத்தின் பெயர் ஒட்டி அப்படியே இருந்தது. திறந்து பார்த்தால் காற்றாடிகளில் தூசுகூடப் படியவில்லை. சுற்றாத காற்றாடியில் தூசு எங்கே படியும்.

பீங்கான் றாக்கை

உள்ளே இரண்டு புரொசசர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு கருக்கள். ஒன்றாக எட்டு வேலைகள் செய்யும். எட்டு மூளை என்று நவ்பல் பெயர் வைத்தார். அப்போது கடையில் புதிதாக விற்ற கணினிகளில் இரண்டு மூளை இருந்தாலே பெருமையாகச் சொல்வார்கள். எட்டு மூளை புதிதாக வாங்குவதானால் நான் ஒரு போகத்து நெல்லை விற்க வேண்டும். எனக்கு வயலே கிடையாது.

எப்படிப் பூட்டுவது என்பதை இணையத்தில் படித்தேன். குளிர்நாட்டுக்காரன் ஒருவன் இதே மாதிரிப் பழைய சர்வர் புரொசசர்களைக் கொண்டு கணினி செய்து படிப்படியாக எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் இருந்ததை அச்செடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, ரமழான் மாதம் முழுக்க ஓதுகிற மாதிரி ஓதினேன். அந்த நகப்பூச்சு வித்தையும் அவன் சொன்னதுதான். புரொசசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று கணினியின் தாய்ப்பலகைக்குச் சொல்வதே அந்தப் பொன்னிறப் புள்ளிகளில் சிலதான். அவற்றில் ஒன்றை மூடிவிட்டால் பலகை ஏமாந்து, கூடிய வேகத்தைக் கொடுத்துவிடும். நான்கில் ஒரு பங்கு வேகம் சும்மா கிடைக்கும். ஓவர்குளொக் என்பார்கள். வண்டில் மாட்டின் வாலை முறுக்குவதும் அதுவும் ஒன்றுதான். மாடு ஓடும். எவ்வளவு தூரம் என்பது வேறு கதை.

பலகை சாப்பாட்டுத் தட்டத்தை விடப் பெரியது. அதற்கேற்ற பெட்டி கிடைக்காமல், குசினியில் தட்டுகள் அடுக்கும் அலுமினியப் பீங்கான் றாக்கையை இழுத்து வந்தேன். கம்பி கம்பியாக இருந்ததால் காற்று தாராளமாகப் போய் வரும். பழைய ரப்பர் செருப்பை வட்ட வட்டமாக வெட்டி, அதன் மேல் பலகையை இருத்தினேன். புரொசசருக்கு ஒவ்வொரு காற்றாடி, மெமரிக்கு ஒன்று. மெமரி தொட்டால் சுடும். பீங்கான்களை எல்லாம் நிலத்தில் அடுக்கிவைத்து ஒரு மாதம் சாப்பிட்டோம்.

இஞ்சினியர் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம்.

"சர்வர் புரொசசர் வீட்டுக்கு ஒத்து வராது தங்கச்சி. அது கொம்பனிக்குச் செஞ்ச சாமான்."

"அதுக்கு எப்பிடித் தெரியும் இது வீடெண்டு?"

"கரண்டு பில் வரக்குள்ள தெரியும்."

முதல் நாள் விசையை அமர்த்தியபோது காற்றாடிகள் எழுப்பிய இரைச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் மதில் பாய்ந்தன. நெல்லுச் சூடடிக்கிற மெஷினை வளவுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று அயலவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். திரையில் எட்டுக் கட்டங்கள் தோன்றின. ஒவ்வொரு மூளைக்கும் ஒவ்வொன்று. கழுவும் மென்பொருளை ஓடவிட்டேன். எட்டும் ஒன்றாக மேலே ஏறின.

நான்கு நாள் எடுத்த கசற் அரை நாளில் முடிந்தது. சாய்ந்தமருது பெண் ஒருத்தியின் தங்கை, கடலோடு போனவள், திரையில் ஊஞ்சலில் இருந்து கை காட்டினாள். பல் வரிசை தெரிந்தது. நான் நிலத்தில் இருந்து அழுதேன். நவ்பல் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அன்று இஞ்சினியரின் கடைக்கு முன்னால் தேவையில்லாமல் இரண்டு தரம் நடந்தேன். இதையும் மறைக்காமல் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கச்சான்

பெருமை வந்தால் புத்தி பின்வாசலால் போகும். எனக்கும் போனது.

அந்த வருடம் கச்சான் காற்று முன்னதாகவே தொடங்கியது. மேற்கிலிருந்து நெருப்பை வாரிக்கொண்டு வரும் காற்று, வயல் வெளியெல்லாம் தாண்டி வந்து பகலில் வீட்டுக்குள்ளேயே நிற்க விடாது. குளிர்நாட்டுக்காரன் தன் மெஷின் மாதக்கணக்கில் பிழையில்லாமல் ஓடுகிறது என்று எழுதியிருந்தான். அவன் யன்னலைத் திறந்தால் பனிக்காற்று. என் யன்னலைத் திறந்தால் கச்சான். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. வேகத்தைக் கூட்டினால் ஒரு முழு நாளாவது சோதனை மென்பொருளை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் அவன் எழுதியிருந்தான். நான் ஒரு காலையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, போதும் என்று நிறுத்தினேன்.

அந்த நாட்களில்தான் ஆலோசகரிடமிருந்து தொலைபேசி வந்தது. மூடிய திட்டத்துக்கு இறுதி மதிப்பீடாம். வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்களாம். உள்ளூர்ப் பெண்ணொருத்தி கணினி செய்த கதையைக் கேள்விப்பட்டாராம். பார்க்க வரலாமா?

வராதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாருங்கள் என்றேன். அவர்கள் நிறுத்து விற்ற இரும்பு என்ன செய்கிறதென்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அதற்காக நான் எடுத்தது றிஸ்னாவின் கசற்றை. மிக மோசமான கசற், அதை ஒரே நாளில் முடித்துக் காட்டினால் பேச்சில்லை. முதல் நாள் மூச்சை அடக்கிக்கொண்டு அதை ஓடவிட்டுக் கணினிக்குள் ஏற்றினேன். சத்தத்தைத் தனியாகப் பிரித்து வேறொரு டிஸ்கில் வைத்தேன், கழுவுவது படத்தை மட்டும்தான் என்பதால். கசற்றைத் திரும்பச் சுற்றும்போது நாடா அறுந்து, கபில நிறத்தில் பொடி பொடியாகக் கொட்டியது. நான் பயந்தபடியேதான். ஆனால் படம் உள்ளே வந்துவிட்டது. கவலையில்லை.

மறுநாள் வெள்ளென, விடிந்ததுமே, கழுவத் தொடங்கினேன். பகல் ஏற ஏறக் கச்சான் இரைந்தது. நவ்பல் உள்ளே வந்து பலகைக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்.

"என்ன கா இது, கல்லுச் சட்டி மாதிரிச் சுடுது? கொஞ்சம் நிப்பாட்டுவமா?"

"நாலு மணிக்கு அவங்க வாறாங்க. முடியட்டும்."

நாலுக்கு முன்பே முடிந்தது. ஆலோசகரும் மூன்று வெள்ளைக்காரரும் படம் பிடிக்கும் ஒருவரும் வந்தார்கள். எல்லாரும் ஆண்கள். பெண்கள் பக்கத்துக் கசற்றை அவர்கள் முன்னால் நான் எப்படித் திறந்து பார்ப்பேன்? கழுவி முடிக்க எடுத்த நேரத்தை மட்டும் காட்டினேன். எட்டு மூளையும் ஒன்றாக ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அடுத்த கசற்றைத் தொடங்க டிஸ்கில் இடம் போதவில்லை. றிஸ்னாவின் கழுவாத மூலப் படம் பெரிய இடத்தைப் பிடித்திருந்தது. அதுதான் கழுவியாயிற்றே. அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். புதியது அதன் மேலே ஏறியது. எட்டுக் கட்டங்களும் துள்ளின. வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

ஆலோசகர் தன் நிறுவனத்தின் ஒட்டியைத் தடவிப் பார்த்தார். முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். மலர்ந்தது.

"அருமை! எங்கள் திட்டத்தின் நிலைபேறான விளைவு இதுதான்."

சில மாதங்களில் வழவழப்பான புத்தகமொன்றில் என் பீங்கான் றாக்கையின் படம் வந்தது. அவர்கள் திட்டத்தின் வெற்றிக் கதையாக. அதில் என் பெயரைக்கூடப் பிழையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு, மாலை மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், கதவைச் சாத்திவிட்டு றிஸ்னாவின் படத்தைத் திறந்தேன். முதல் பாதி கண்ணாடி மாதிரி இருந்தது. தலை குனிந்த மணப்பெண், மருதோண்டிக் கை, சுற்றிவர உறவுப் பெண்கள். பிறகு ஒரு மூலையில் பச்சைச் சதுரம் ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சதுரங்கள், இடையில் ஒரு காது, ஒரு முக்காட்டின் ஓரம். பகல் ஏறிய நேரத்திலிருந்து புரொசசர் சூட்டில் பிழையாகக் கணக்குப் பார்த்திருக்கிறது. நிற்கவில்லை, எச்சரிக்கவில்லை, பிழையை வேகமாகச் செய்து முடித்திருக்கிறது.

றிஸ்னா தலை நிமிரும் இடமெல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தது.

நவ்பல் வந்து திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் சொல்ல முதலே விளங்கிவிட்டது.

"அவங்களுக்குக் காட்டத்தானே ஓட்டின நீ," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் புரொசசர்களைக் கழற்றி, பூச்சைச் சுரண்டிவிட்டு, அவற்றின் சொந்த வேகத்தில் ஓடவிட்டேன். ஒரு பகலும் ஓர் இரவும் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. மிச்சக் கசற்றுகள் எல்லாம் பிறகு அந்த வேகத்தில்தான் முடிந்தன. கொஞ்சம் சுணங்கியது, அவ்வளவுதான். அந்தச் சுணக்கத்தை றிஸ்னாவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மருதமுனையில்

கசற் பழசு, அதனால் பழுதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் போகும்போது அந்தப் பொய்யை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

ஹாஜறா ராத்தாவின் வீடு, கடலுக்குப் பிறகு கட்டிக் கொடுத்த திட்ட வீடு. ஒரே மாதிரி வரிசையில் ஒன்று. முன்னறையில் பாதியைத் தறி பிடித்திருந்தது. நான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்ததால் பக்கத்து வீட்டிலிருந்து தொலைக்காட்சியும் டிவிடி பிளேயரும் இரவல் வாங்கி வைத்திருந்தார். புதுத் துணியொன்றால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்தா, போட முதல் ஒண்டு சொல்லணும்," என்றேன். "பாதிதான் நல்லா இரிக்கி. மத்தப் பாதிய நான் பழுதாக்கிட்டன். கசற்றில பிழையில்ல. வந்தவங்களுக்கு மெஷினக் காட்டுற அவதியில என்ட கையால அழிச்சிட்டன். மூலமும் இல்ல."

துடைத்த கை நின்றது.

"முகம் தெரியிமா?"

"முதல் பாதியில தெரியிம். குனிஞ்சபடி."

"போடு, பாப்பம்."

போட்டேன். றிஸ்னா குனிந்த தலையோடு வந்தாள். ஹாஜறா ராத்தா நிலத்தில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அழவில்லை. மையித்தை அடையாளம் காட்டச் சொன்னால் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினார்.

"ஓம். அவள்தான். எல்லாரும் சொல்ற மாதிரித்தான் இரிக்காள். அடக்கமான புள்ள."

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கடலோடு போன பெண்கள் எல்லாரும் எங்கள் ஊரில் அடக்கமானவர்கள் ஆகிவிட்டார்கள்.

முதல் சதுரம் வந்தது. பிறகு மற்றவை. நான் எழும்பி நிறுத்தப் போனேன். அந்த நேரம் தொலைக்காட்சியிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. சத்தம் வேறு டிஸ்கில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அதையும் படத்தோடு சேர்த்திருந்தேன், ஆனால் ஒரு தடவையும் முழுதாகக் கேட்கவில்லை.

"உம்மா! இந்தக் கமராக்காரிய அங்கால போகச் சொல்லுங்கவன்! வெள்ளென இருந்து என்ட மூஞ்சிக்குள்ளயே நிக்கிறா. பசிக்கிது எனக்கு. இவ எடுக்கிற படத்தப் பாத்தா எனக்கு வயிறு நிறையப் போகுது?"

பெண்கள் கொல்லென்று சிரிக்கும் சத்தம். அதற்கு மேலால் இன்னொரு குரல், ஹாஜறா ராத்தாவின் குரல், வயது குறைந்த குரல்: "வாயப் பொத்துடி! பொண்ணு கதைக்கிற கதையா இது?"

"பொத்தினா எப்பிடி உம்மா சோறு தின்னுற?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அன்று எனக்கு அந்தப் பெண் மேல் பொல்லாத ஆத்திரம். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, பாட்டொன்றைப் போட்டு மூடினேன். அவர்களுக்குக் கொடுத்த பிரதியில் அது இருக்கவில்லை. கல்யாண நாளுக்குப் பிறகு ஹாஜறா ராத்தா அதை ஒருபோதும் கேட்டதில்லை.

அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அல்லாவே... அவள்ட வாய்! அவள்ட வாய எப்பிடிக் கா மறந்த நான்?" என்றார். "ஊரெல்லாம் அடக்கம், அடக்கம் எண்டு சொல்லிச் சொல்லி... முகம் கனவில வாற. சத்தம் ஒரு நாளும் வந்தில்ல. இவள் எனக்கு என்ன பேச்சுப் பேசுவாள் தெரியுமா?"

"ராத்தா, படத்த நான் இப்பிடிப் பழுதாக்கிட்டனே..."

"படத்த விடு. திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். மறுகா இன்னொரு தரம். பிறகு வாசலுக்குப் போய் அயல் பெண்களைக் கூப்பிட்டார். "வாங்கடி, சுறுக்கா வாங்க, றிஸ்னா ஏசுற!" ஈரக் கையோடும் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியும் அவர்கள் வந்தார்கள். திரையில் ஓடிய சதுரங்களை ஒருத்தியும் பார்க்கவில்லை. ஏச்சைக் கேட்டுவிட்டு எல்லாரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நல்லா வேணும் எனக்கு.

எத்தனை தரம் போட்டேனோ தெரியாது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வேலைக்குப் போய்விட்டார்கள். ஹாஜறா ராத்தா மட்டும் திரைக்குக் கிட்ட நகர்ந்து உட்கார்ந்திருந்தார். றிஸ்னா மறுபடியும், கமராக்காரியைப் போகச் சொல்லுங்கள், பசிக்கிறது என்றாள். இந்தத் தடவை ஹாஜறா ராத்தா கசற்றில் இருந்த தன் பழைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"ஓம் மகள்," என்றார், "போகச் சொல்றன். நீ முதல்ல தின்னு."